பதினாலாம் நம்பர் அட்டெண்டர்

செல்லாத்தாள் நான்காவது தடவையாக லிப்ட் வாசல் வரை போய்த் திரும்பினாள். பனியன் கம்பெனியில் இருபது வருடம் நின்றுகொண்டே செக்கிங் பார்த்த கால்கள். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காருமா?

"பதினாலாம் நம்பர் பேஷண்டோட அட்டெண்டர் யாருங்க?"

எட்டு மணிக்கு ஷிப்டு மாறி வந்த நர்ஸ், கவுண்டரிலிருந்து குரல் கொடுத்தாள். செல்லாத்தாள் ஓடிப்போய் நின்றாள்.

"சொல்லுங்க."

"பேஷண்ட் வந்தாச்சா?"

"ஏழு மணிக்கே வந்தாச்சுங்க."

"இந்தச் சீட்டுல இருக்கற மருந்தைக் கீழ போய் வாங்கிட்டு வாங்க. பதினொரு மணிக்கு தியேட்டர். அட்டெண்டர் கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள எடுப்பாங்க, ஞாபகம் வெச்சுக்குங்க."

லிப்டுக்குக் காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை. இரண்டு மாடியையும் படியிலேயே இறங்கி ஏறினாள். மருந்துப் பையோடு மூச்சு வாங்க வந்தவளுக்கு, பெஞ்சில் இருந்த ரோஸ்மேரி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ரோஸ்மேரி திருச்செந்தூர் பக்கத்துப் பெண். கம்பெனி ஹாஸ்டலில் தன்னோடு தங்கியிருக்கும் ஜோதிகாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று கூட வந்திருந்தாள். ஜோதிகாவை உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"கண்ணு, இந்த அட்டெண்டருங்கறவங்க என்னதான் பண்ணோணும்?" செல்லாத்தாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

பீஸ், ஆல்ட்டர், ரிஜெக்ட், சிப்மென்ட் என்று கம்பெனி இங்கிலீஷெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த ஒரு வார்த்தைதான் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

"தாலுக்கா ஆபீசுல பைல் தூக்கறவருன்னு நெனச்சிருந்தேன்."

ரோஸ்மேரி சிரித்துவிட்டாள். "இங்க அது இல்லக்கா. பேஷண்டுக்குத் துணைக்கு வந்த ஆளு. மருந்து வாங்கணும், கூப்ட்டா ஓடணும், கையெழுத்துப் போடணும். மயக்கம் தெளியும்போது பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

"சொந்தக்காரங்களாத்தான் இருக்கோணுமா?"

"அப்படி ஒண்ணும் இல்ல. ஜோதிகா செங்கோட்டை, நான் திருச்செந்தூரு. நாந்தான அவளுக்கு அட்டெண்டரு?"

செல்லாத்தாள் அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை.

"போன வாரம் அட்டெண்டர் வரலீன்னு ஆபரேசனையே தள்ளி வெச்சுட்டாங்க கண்ணு. கட்டி வளந்துட்டே போகுதாம். இன்னைக்கும் தள்ளுனா ஆவாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு."

ரோஸ்மேரிக்குச் சுருக்கென்றது. படுத்துக் கிடப்பவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓவர்டைமுக்கு ஓடுகிறவர்களை அவளும் பார்த்திருக்கிறாள்.

"என்னக்கா இது? வேலை இருந்தா, முடியாம கெடக்கிறவங்களை அப்படியே விட்டுறதா?" என்று கேட்டே விட்டாள்.

செல்லாத்தாள் கோபித்துக்கொள்ளவில்லை. மருந்துப் பையின் வாயைச் சுருட்டி மடித்தாள்.

வயதில் பெரியவளைச் சுடச்சுடக் கேட்டுவிட்டோமே என்று ரோஸ்மேரிக்கு மனசு கேட்கவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றி நீட்டினாள்.

"வேண்டாங் கண்ணு. இன்னைக்குத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாது."

"ஒருசந்தியாக்கா?"

ஆஸ்பத்திரி நேரத்தில் சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு பட்டினி கிடக்காத வீடு அந்தப் பக்கத்தில் குறைவு. செல்லாத்தாளும் மறுக்கவில்லை.

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

அதற்குள் போன் அடித்தது. அவள் மகன் அருள்குமார். அவன் கத்திய கத்தல் பக்கத்தில் இருந்த ரோஸ்மேரிக்கே கேட்டது.

"அம்மா, கன்டெய்னர் இன்னும் லோடு முடியலை. சரக்கு வாங்கற பையர் ஆளு வேற வந்து உக்காந்திருக்கறாரு. நான் இப்ப நகர முடியாது. நீயே பாத்துக்கம்மா."

"செரி சாமி. நானே பாத்துக்கறேன். நீ சோறு தின்னயா?"

பதில் வருவதற்குள் போன் அணைந்துவிட்டது. செல்லாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணைத்தான் துடைத்தாள் என்பது ரோஸ்மேரிக்குத் தெரிந்தது. இவளைப் போய்க் குத்திக்காட்டினோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கவலப்படாதீங்கக்கா. அதான் எல்லாத்துக்கும் நீங்களே ஓடுதீங்கல்லா."

"ஓடறதுக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. பதினொரு மணிக்கு மேலதான் என்ன பண்றதுன்னு தெரியல."

மறுபடியும் எழுந்தாள். லிப்ட் வாசல் வரை போனாள். கதவு திறந்து நாலு பேர் இறங்கினார்கள். அருள்குமார் இல்லை.

தியேட்டர் கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆளும், கையில் பைலோடு நர்ஸும் வந்தார்கள்.

"பதினாலாம் நம்பர். பேஷண்டைக் கூட்டிட்டு வாங்க. அட்டெண்டர், இங்க ஒரு கையெழுத்து."

செல்லாத்தாள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடாமல் லிப்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மருந்துப் பையையும் போனையும் ரோஸ்மேரியின் மடியில் வைத்து, பேனாவை அவள் விரல்களுக்குள் திணித்தாள்.

"கொஞ்ச நேரம் நீ எனக்கு அட்டெண்டரா இரு கண்ணு."