தக்கோலத்தில் விழுந்தவர்

சாதுல்லா சாகிற காட்சியைப் பார்ப்பதற்காகத் தெருவே கிளம்பி ஆவடி தியேட்டருக்கு வந்திருந்தது.

படம் தக்கோலம் போரைப் பற்றியது. சோழ இளவரசர் ராஜாதித்தர் ராஷ்டிரகூடர்களோடு மோதி யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டாரே, அந்தப் போர். அதன் ஷூட்டிங் பூந்தமல்லியைத் தாண்டி ஒரு பொட்டலில் நடந்தபோது, கேரவனில் ஏசி ரிப்பேர் என்று மெக்கானிக் சாதுல்லாவைக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் அவருடைய உயரத்தையும் மீசையையும் பார்த்த டைரக்டர், கையில் ஒரு வாளைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்.

கூட்டத்தில் ஒருவராக அல்ல, தனி ஷாட். இளவரசரை நோக்கி வரும் ஈட்டியைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு விழ வேண்டும். விழுவதற்கு முன்னால் ஒரு வசனம்.

"இளவரசே, விலகுங்கள்."

அன்றிலிருந்து தெருவில் அவர் பேரே இளவரசர் ஆகிப்போனது. எதிர்வீட்டு கன்னியம்மா ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று கூப்பிடும்போதுகூட, "இளவரசே, இப்டி வந்துட்டுப் போ நைனா" என்பாள்.

இப்போது தியேட்டரில் இரண்டு வரிசை முழுக்கத் தெரு ஜனம். நடுவில் சாதுல்லா, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், அத்தர் மணக்க.

"பயமா கீதா உங்களுக்கு?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஜஹானாரா.

"ராஷ்டிரகூடப் படையையே பாத்தவன். எனக்கு இன்னா பயம்?"

இடைவேளைக்குப் பிறகு போர் ஆரம்பித்தது. புழுதி, பிளிறல், முரசுச் சத்தம். சாதுல்லா சீட் நுனிக்கு வந்துவிட்டார். எதிரி ஈட்டியை ஓங்கினான். வீசினான்.

இளவரசர் குனிந்தார். ஈட்டி தலைக்கு மேலே பறந்து எங்கேயோ போய்விட்டது. அடுத்த காட்சி வந்துவிட்டது.

சாதுல்லா பாய்ந்து வரவேண்டிய இடம் அதுதான். வெட்டித் தூக்கிவிட்டார்கள். இனிமேல் வராது. இத்தனை பேரை வேலை வெட்டியை விட்டுக் கூட்டி வந்தாயிற்று. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வெளியே போவது?

பாத்ரூம் போகிற சாக்கில் நழுவிவிடலாமா என்று அவர் யோசித்தபோது, பின்வரிசையிலிருந்து நீளமாக ஒரு விசில். மொபைல் கடை ஜஸ்டின்.

"தோ பாரு, நம்ம பாய். யானைக்கு அந்தாண்ட."

திரையில் ஒரு சோழ வீரன் சரிந்துகொண்டிருந்தான். தலைக்கவசம் பாதி முகத்தை மூடியிருந்தது, மீதியைப் புழுதி மூடியிருந்தது. சாதுல்லாவைவிட ஒரு சாண் குள்ளம்.

இரண்டு வரிசையும் எழுந்து நின்று ஒரே குரலில் முழங்கின.

"இளவரசே, விலகுங்கள்."

விசில் பறந்தது. யாரோ கிழித்துப்போட்ட பேப்பர் தலைமேல் விழுந்தது. முன்வரிசையில் ஒருவர் கடுப்பாகத் திரும்பினார்.

"படம் பாக்க வந்தீங்களா, கூத்தடிக்க வந்தீங்களா? ஒரு டயலாக் காதுல விழல."

"இப்ப செத்தாரே சார், அது இவர்தான்" என்றார் ஜஸ்டின்.

அந்த மனிதர் முகம் சட்டென்று மலர்ந்தது. எட்டி சாதுல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நல்லா செத்தீங்க சார்."

சாதுல்லா தலையை மட்டும் ஆட்டினார். திரும்பி மனைவியைப் பார்த்தார். அத்தனை பேரில் ஜஹானாரா மட்டும் எழுந்திருக்கவில்லை, கைதட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டினவளுக்குப் புருஷனைத் தெரியாதா? கண்டுபிடித்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது.

வெளியே வந்ததும் செல்ஃபி எடுத்துத் தள்ளினார்கள். கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னா சாவு செத்த நைனா, எனக்கு அழுகையே வந்துட்ச்சி."

ஒவ்வொரு பாராட்டும் சாதுல்லாவுக்குச் சுருக்கென்று குத்தியது. பைக்கில் வீட்டுக்குத் திரும்பும்போது, சிக்னலில் நின்றதும் மெதுவாகச் சொன்னார்.

"ஜஹானா, அது நான் இல்ல."

பின்னாலிருந்து அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என் சீன தூக்கிட்டாங்க. அத்தினி சந்தோசமா கத்தறாங்க, இல்லன்னு சொல்ல மனசு வர்ல. ஆனா தெருவையே ஏமாத்திகினு என்னால இருக்க முடியாது. நாளைக்கு ஊடு ஊடா போயி உண்மையைச் சொல்லிடறேன்."

ஜஹானாரா அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பதறினார். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

"யார் ஊட்டுக்கும் போவாதீங்க. உங்களுக்குச் சொல்லாம நேத்தே நானும் கன்னியம்மாக்காவும் போய்ப் படத்தைப் பாத்துட்டு வந்துட்டோம். உங்க சீன் இல்லன்னு தெருவுக்கே தெரியும்... உங்க மொகம் வாடிடக் கூடாது, அந்தக் குள்ளன் விழும்போது எல்லாரும் எழுந்து கத்தணும்னு சொல்லிக் கூட்டியாந்ததே அந்த அக்காதான்."