இரண்டாவது சீட்டு

மனைவியோடு எழிலன் இலவசமாக வந்து தங்கிய காடுதான் அது. இப்போது சாவடி வைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். அவள் இறந்தபின் முதன்முறையாக வந்தவனின் பையைக் காவலர் பேச்சிமுத்து கவிழ்த்தார். பழக்கத்தில் எடுத்துவைத்த இரண்டு பாய்களும் இரண்டு தம்ளர்களும் விழுந்தன.

"இன்னொரு ஆள் எங்க தம்பி?"

"நான் மட்டும்தாங்க."

"கட்டணம் ஏத்துனதுலருந்து எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. ஒருத்தர் சீட்டு எடுக்குறது, இன்னொருத்தர் ஓடை வழியா நுழையுறது. எனக்கேவா?"

எழிலன் இருவருக்கும் பணம் கட்டி இரண்டு சீட்டு வாங்கினான்.

"அப்படி வாங்க வழிக்கு!"

கூடாரம் அடித்து முடித்தபோது ஓடைப் பக்கம் யாரோ நடந்து வருவதுபோல் சருகு நொறுங்கியது. சாவடியிலிருந்து பேச்சிமுத்து எட்டிப் பார்த்தார். எழிலன் இரண்டாவது சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து ஓடையை நோக்கி நடந்தான்.