டிசம்பர் கடல்

வெளியே வெயில் கொளுத்துகிறது. பயண அலுவலகத்து மேசைக்கு இந்தப் பக்கம் டிக்கெட்காரி, அந்தப் பக்கம் புருஷன், பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள். சின்னவன் மணல் வாளியைத் தலையில் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருக்கிறான். பெரியவளின் நீச்சல் வளையத்தை அப்பா ஊதித் தருகிறான். இரண்டு ஊதலுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறான். இந்த வெயிலிலும் கம்பளிக் குல்லா. அதற்குக் கீழே புருவம் இருந்த இடம் வழவழவென்றிருக்கிறது. டிக்கெட்காரியின் கண்ணில் அது பட்டும் மனசில் ஏறவில்லை. பதினோரு வருஷமாக யாரையும் ஏமாற்றி அனுப்பியதில்லை என்பது அவள் பெருமை. அந்தப் பெருமைதான் இப்போது பேசுகிறது. "இந்த மாசம் வேணாம்ங்க. தீவுல ஒரே மழை. குழந்தைங்கள வச்சுக்கிட்டு ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கணும். டிசம்பர்ல போங்க, கடல் குளம் மாதிரி இருக்கும்." சுவரில் இருக்கும் தீவுப் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "இந்த மாசமே போடுங்க," என்கிறாள் பெண்டாட்டி. "காசு குடுத்து கஷ்டத்த வாங்காதீங்கம்மா, நான் சொல்றதக் கேளுங்க." டிக்கெட்காரி நாட்காட்டியைப் புரட்டி டிசம்பரில் விரலை வைக்கிறாள்.

அவன் வளையத்தின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்கிறான். "டிசம்பர்னா மூணு டிக்கெட் போதும் மேடம்," என்கிறான், பஸ் நேரம் சொல்வதுபோல. டிக்கெட்காரியின் விரல் அங்கேயே நிற்கிறது. தலையை நிமிர்த்த அவளுக்குப் பயமாக இருக்கிறது. கட்டைவிரல் நழுவி வளையத்திலிருந்து காற்று மெல்லச் சீறுகிறது. பெரியவள் களுக்கென்று சிரித்து, நான்கு விரலை நீட்டுகிறாள். "அப்பாவுக்கு எண்ணவே தெரியல. நாம நாலு பேரு."