காபி வாங்க வந்தவர்

“நீ என்னை அடிச்சாலும் சரிதான் நாதேஜ், இன்னிக்குச் சொல்லிடறேன்” என்றாள் ரோசென், கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவிக்கொண்டு.

“அடிக்கிற வயசா நமக்கு? கையைத் தூக்கினாலே தோள் வலிக்குது. சொல்லு கேப்டன்.”

கடற்புறா மகளிர் கால்பந்து கிளப்புக்கு அது கடைசி ஞாயிறு. அடுத்த மாதம் முதல் பக்கத்து ஊர்க் கிளப்போடு இணைப்பு. மைதானத்து ஓரத்தில் இருந்த கிளப்பின் சிற்றுண்டிக் கடையில் மற்றவர்கள் ஆப்பிள் சைடர் குடித்து, கொஞ்சம் அழுது, கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பழைய ஆட்டக்காரிகள் இவர்கள் இரண்டு பேர்தான் பாத்திரத்தோடு மாட்டிக்கொண்டார்கள். வெளியே மழை.

“பாரிஸ் கிளப்புக்கு ஆட்டக்காரி தேடி ஒருத்தர் வந்தாரே, ஞாபகமிருக்கா? பிரெஸ்ட் ஊர்க்காரிங்களோட நாம ஆடின அன்னிக்கு.”

“வந்தாராம், பார்த்தாராம், ஒருத்தியும் தேறலேன்னு போயிட்டாராம். இருபத்துமூணு வருஷக் கதை. அதுக்கென்ன இப்போ?”

“அவரா போகல. நான் போக வெச்சேன்.”

துடைத்துக்கொண்டிருந்த துணியை நாதேஜ் கீழே வைத்தாள்.

“அன்னிக்குக் கடையில காபி ஊத்துற முறை என்னோடது. ஆட்டம் முடிஞ்சு குளிச்சுட்டு வந்து நிக்கறேன். தலையில துண்டு, மூக்குல கண்ணாடி. அவர் என்னைக் கடைக்காரப் பொண்ணுன்னே நெனச்சுட்டார். ‘ஏம்மா, அந்த ஒன்பதாம் நம்பர் பொண்ணு எப்படி? பாரிசுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பார்க்கறேன்’னார்.”

“ஒன்பதுன்னா…”

“நீதான். அப்போ அஞ்சு வருஷமாவே ஒன்பது நீ, பதினொண்ணு நான்.”

“நீ என்ன சொன்னே?”

ரோசென் குழாயை மூடினாள். “முழங்கால் போயிடுச்சு, டாக்டர் ஆடவே கூடாதுன்னுட்டார், இதான் அவளுக்குக் கடைசி சீசன்னு சொன்னேன். ‘அடப் பாவமே’ன்னார். காபியைக் கூட முழுசாக் குடிக்கல. போயிட்டார்.”

“அடிப்பாவி!” நாதேஜின் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. “என் முழங்காலுக்கு என்னடி கேடு? இன்னிக்கு வரைக்கும் கல்லு மாதிரி இருக்கு! இருபது வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டறேன். பசங்க வாந்தியைக் கழுவறேன். ஒரு தடவையாவது பெரிய மைதானத்துல ஓடியிருப்பேனே!”

“தெரியும். அந்த பஸ் தினமும் எங்க மத்தி மீன் ஃபாக்டரி வாசல்ல திரும்பும். ஹாரன் சத்தம் கேட்டா நான் உள்ளே போய் ஒளிஞ்சுக்குவேன். உன் முகத்தைப் பார்க்க முடியாம.”

“ஏண்டி அப்படிச் செஞ்சே?”

“பொறாமை. வேற என்ன? அன்னிக்கு ரெண்டு கோலும் போட்டது நான். நீ, கோவிச்சுக்காதே, பந்தைத் தொட்டதே நாலு தடவை. அந்த மனுஷன் என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல. உன்னைக் கேட்டார். வயிறு எரிஞ்சுது. வாய் முந்திக்கிச்சு.”

இன்னும் நாலு திட்டு திட்ட வாயைத் திறந்த நாதேஜ் அப்படியே நின்றாள்.

“அவர் என் பேரைச் சொன்னாரா?”

“பேர் எப்படித் தெரியும் அவருக்கு? நம்பர்தான்.”

“ஒன்பதுன்னுதான் சொன்னாரா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்க என்ன இருக்கு? இத்தனை வருஷமா காதுல அது ஒண்ணுதானே ஒலிச்சுக்கிட்டிருக்கு.”

நாதேஜ் காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். முகம் வெளிறிவிட்டது. கோப்பையைத் தூக்கி எறியப் போகிறாள் என்றே ரோசென் நினைத்தாள். எழுந்து வந்த நாதேஜ், ஈரக்கையோடு நின்றவளை அப்படியே கட்டிக்கொண்டாள்.

“விடு கேப்டன். போனது போச்சு.”

“மன்னிச்சுட்டியா?”

“மன்னிச்சாச்சு.”

ரோசென் தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “நீ இவ்வளவு சுலபமா மன்னிச்சிடுவேன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லித் தொலைச்சிருப்பேன். வீணா ஒளிஞ்சேன்.”

“நீயும் என்னை மன்னிச்சிடு.”

“உன்னையா? நீ என்ன செஞ்சே?”

நாதேஜ் அவளைப் பார்த்தாள். எத்தனையோ வருடம் கழித்து அந்த முகம் இன்றைக்குத்தான் தெளிந்திருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“அடிப்பாவின்னு திட்டினேனே, அதுக்கு” என்றாள்.

காரில் ஏறிய பிறகும் நாதேஜுக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. பாரிஸ்காரர் வந்த அந்த வாரம் அணியின் சட்டைகளைத் துவைக்கும் முறை அவளுடையது. கொதிக்கும் நீரில் போட்டுத் தன் சட்டையைச் சுருக்கிவிட்டாள். கேப்டன் திட்டுவாளே என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் அதை ஒல்லிக்குச்சி ரோசெனின் கொக்கியில் மாட்டிவிட்டு அவளுடையதைத் தான் போட்டுக்கொண்டாள். கடைசி நிமிடத்தில் ஓடிவந்த ரோசென், கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் முதுகில் ஒன்பது என்று இருந்ததைப் பார்க்காமலே அதை மாட்டிக்கொண்டு போய் இரண்டு கோல் போட்டாள்.