கடிதம் இல்லாத வேலை

"தொழிலா? எனக்கா? நான் சும்மா ஊட்டோட கிடக்கிற பொம்புள, தங்கச்சி" என்றாள் கமீலா. முழங்கை வரைக்கும் அரிசிமா அப்பியிருந்தது.

நாட்டில் யார் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கணக்கெடுக்க வந்த ஷிஹாரா, கையில் டெப் கணினியோடு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. கண்டக்குழிக் கடற்காற்று சும்மா இருக்குமா? அட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தது. படம் தெரிந்த போதெல்லாம் அவள் கையால் பொத்திக்கொண்டாள்.

"குசினியில ஆவி பறக்குதே ராத்தா?"

"அது... புள்ளைகளுக்கு இடியப்பம்."

"இத்தன தட்டா?"

வசமாக மாட்டிக்கொண்டாள் கமீலா. கண் கலங்கிவிட்டது.

"எழுதிப் போட்டுராதீங்க தங்கச்சி. ஹோட்டலுகளுக்கு அவிச்சுக் குடுக்கிறது உண்மதான். தெரிஞ்சா அரசாங்கம் தாற அஸ்வெசும உதவிய வெட்டிருவாங்க. புள்ளைகள்ட வாப்பா கடல்ல கால் முறிஞ்சு படுத்த படுக்க. அந்தக் காசிலதான் அவருக்கு மருந்து."

"அல்லாஹ்வே, அழாதீங்க! இதுல பேர் போறதில்ல. இப்படி எவ்வளவு வேல நடக்குதெண்டு பாக்கத்தான்."

அந்த ஒரு சொல் போதும். கமீலா எல்லாவற்றையும் கொட்டினாள். பிழிய இரண்டு பெண்கள் வருவதையும் மறைக்கவில்லை.

"அவங்களுக்கு நியமனக் கடிதம், ஈ.பி.எஃப். ஏதும் இரிக்கா?"

"இடியப்பம் புழியக் கடிதமா? நல்ல கதை!"

"அதத்தான் முறைசாரா வேல எண்டு சொல்ற. கடிதமில்ல, நிரந்தரமில்ல. நாளைக்கு வராதே எண்டா அதோட சரி." விளக்கம் என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒங்களுக்கென்ன, அரசாங்க உத்தியோகம்." கமீலா பெருமூச்சு விட்டாள். "ஒங்கட பேரச் சொல்லுங்க தங்கச்சி. நாளைக்கு ஒரு பிரச்சின வந்தா ஒங்கட ஒபிசுக்கு வந்து ஒங்களையே கூப்பிடுறேன்."

ஷிஹாராவுக்கு முகம் வெளுத்துவிட்டது. டெப்பை மூடிக்கொண்டு வாசல்வரை போனவள், விறுவிறுவென்று திரும்பி வந்து கமீலாவின் மாக்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒபிசுக்கு மட்டும் வந்துராதீங்க ராத்தா. இந்த வேலைக்கு அரசாங்கம் எடுத்தது இந்த அட்டையில இரிக்கிற மிஸ்ஸ, என்னைய இல்ல. வெயில்ல அலைய ஏலாதெண்டு அவ என்னைய அனுப்புறா. அண்டண்டைக்குக் கையில ஏதோ தருவா."

பிடியை விடாமலே ஷிஹாரா கெஞ்சினாள்.

"தெரிஞ்சா எங்கட ஊட்டு அஸ்வெசுமவையும் வெட்டிருவாங்க!"