கடலில் விழுந்த கணக்கு வாத்தியார்

படகு அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைப் பாய் காற்றில் புடைத்து நிற்க, பின்பக்கம் சுக்கானைப் பிடித்தபடி அவர் மனைவி நிற்பது தெரிந்தது. கணக்கு வாத்தியார் கழுத்தளவு தண்ணீரில் மிதந்துகொண்டு தொண்டை கிழியக் கத்தினார்.

"பாயை இறக்கு! பாயை இறக்குடி!"

எந்தக் கயிற்றை அவிழ்த்தால் பாய் இறங்கும் என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அந்தப் புண்ணியத்தை அவர் செய்யவே இல்லை. "அதுல கை வைக்காத, உனக்கு ஒண்ணும் தெரியாது, போய் டீ போடு" என்பதுதான் கிளம்பிய நாள் முதலாக அவர் அவளுக்கு நடத்திய பாடம்.

ஓய்வு பெற்ற கையோடு, வாடகைப் படகை எடுத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாகத் தீவு தீவாகச் சுற்றக் கிளம்பியிருந்தார்கள். சுற்றச் சுற்ற வாத்தியாருக்குப் பித்து தலைக்கேறிவிட்டது. வீட்டை விற்று இதே படகைச் சொந்தமாக வாங்கி, மிச்ச காலத்தைக் கடலிலேயே கழிப்பதென்று தானாகவே முடிவு கட்டிவிட்டார்.

அந்த வீட்டின் வாசல் அறையில்தான் அவளுடைய தையல் கடை இருந்தது. அது அவர் கணக்கிலேயே வரவில்லை. இன்று அடுத்த தீவில் இறங்கியதும் வீட்டுத் தரகருக்குப் போன் போட்டு, "முடிச்சுடுங்க" என்று சொல்வதாக இருந்தார்.

காலையில்கூட அவள் வந்து நின்றாள்.

"என்னங்க, வீட்டு விஷயமா கொஞ்சம் பேசணும்."

"காத்து திரும்புது பாரு. அப்புறம் பேசலாம்."

"அந்த அப்புறம் எப்பங்க வரும்?"

"நான் பாயைப் பாக்கறதா, உனக்குப் பதில் சொல்லிட்டிருக்கறதா?"

அவள் கீழே போய் அவருடைய லைஃப் ஜாக்கெட்டை எடுத்து வந்தாள். சட்டைக்கு அளவு பார்க்கிறவள் போலச் சுற்றி வந்து மாட்டிவிட்டு, ஒவ்வொரு பட்டையையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"குளம் மாதிரி கிடக்குது கடல். இது எதுக்கு இப்ப?" என்று எரிந்து விழுந்தார் வாத்தியார்.

"இருக்கட்டும், போட்டுக்கங்க. கொஞ்ச நேரம் சுக்கானை நான் பிடிச்சுக்கறேன். நீங்க நிம்மதியா தீவைப் பாருங்க."

என்ன நினைத்தாரோ, போனால் போகிறதென்று கொடுத்தார். "ஆடாம அசையாம பிடி" என்று எச்சரித்துவிட்டு, படகின் ஓரத்தில் போய் நின்றார். கரும்பலகை முன்னால் நிற்கிற நினைப்பில் இரண்டு கைகளாலும் காற்றின் கோணத்தை வரைந்து விளக்க ஆரம்பித்தபோதுதான் படகு சட்டென்று ஒரு வெட்டு வெட்டியது. அடுத்த நொடி வாத்தியார் தண்ணீருக்குள் இருந்தார்.

இப்போது சுற்றிலும் ஒரு ஈ காக்கை கிடையாது. தென்னை மரங்களோடு தீவு கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் நீந்திப் போகிற தூரம் இல்லை. அவருக்கு நீச்சலும் அவ்வளவு வராது.

பாய் கைக்குட்டை அளவுக்குச் சிறுத்துவிட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் கட்டையைக் கிடத்தும் நேரங்களில் படகு தன்பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும். கண் விழித்ததும், சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவளிடம், "நான் பாய்க்கு வச்ச கோணம் அப்படி" என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வார். அந்தப் பாழாய்ப்போன கோணம்தான் இப்போதும் படகை இழுத்துக்கொண்டு போகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பாவி நான், அவளுக்கு ஒரு கயிற்றையாவது அவிழ்க்கச் சொல்லித் தந்திருக்கலாம். பயத்தில் கையும் காலும் ஓடாமல் நிற்கிறாளோ, எந்தப் பாறையில் போய் மோதப்போகிறாளோ. வாயில் உப்புத் தண்ணீர் ஏற ஏற, அந்தப் பெரிய மனிதர் வாய்விட்டு அழுதேவிட்டார்.

அப்போது தூரத்தில் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மறுபக்கம் சாய்ந்தது. காற்று திருப்பிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு நேராக அவரைப் பார்த்து விரைந்து வந்தது.

"ஐயோ, மேல ஏத்திடாத! விலகு, விலகு!"

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மோதல் வரவில்லை. திறந்து பார்த்தபோது, படகு கொஞ்சம் தள்ளியே காற்றுக்கு எதிராகத் திரும்பி, பாய் தொளதொளத்துத் தொங்க, மெல்ல வழுக்கி வந்து கைக்கு எட்டாத தூரத்தில் நின்றது.

வாத்தியார் வாயைப் பிளந்தார். தண்ணீரில் ஆள் விழுந்தால் இப்படித்தான் வந்து நிறுத்த வேண்டுமென்று, படகை வாடகைக்கு எடுக்கும் முன் நடந்த பயிற்சி வகுப்பில் அவருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே ஆளுக்குப் பதிலாகப் போட்ட பந்தின் மேல் படகை ஏற்றியதைத் தவிர அவர் வேறு எதையும் சாதித்ததில்லை.

அவள் சுக்கானை அசையாமல் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, கயிற்றுச் சுருளோடு ஓரத்துக்கு வந்தாள். முகத்தில் ஒரு பதற்றம் இல்லை, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"கயிறு! கயிறைப் போடு சீக்கிரம்!"

அவள் சாவகாசமாகக் காலை மடக்கி உட்கார்ந்து, கயிற்றுச் சுருளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பப் பேசலாமாங்க?"