காணாமல் போன பட்டன்

"புது பிரௌசர்ல சரியாத்தான் வருது, மேடம். உங்க பழைய பிரௌசர்ல மட்டும் அந்தப் பட்டன் பக்கத்துல இருக்கற படத்துக்கு அடியில போய் மறைஞ்சிடுது. எல்லா பிரௌசருக்கும் பொதுவான விதிப்படி எழுதாததால வந்த வினை. திருத்திட்டேன்," என்றான் புதிதாகச் சேர்ந்த புரோகிராமர்.

மனிதவள மேலாளர் அழுத்திப் பார்த்தார். வேலை செய்தது.

"கெட்டிக்காரன்ப்பா நீ! மத்தவங்க எல்லாம் கையை விரிச்சுட்டாங்க."

"இது இல்லாம எப்படி மேடம் சமாளிச்சீங்க?"

"எங்கே சமாளிச்சேன்? வேலை கேட்டு வர்ற விண்ணப்பத்துல 'தேர்வு' பட்டன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். போன மாசம் உன் விண்ணப்பத்துல 'நிராகரி'யைத் தேடித் தேடிச் சலிச்சுப்போய், இருந்த பட்டனை அழுத்திட்டேன்."

அவன் முகம் தொங்கிப்போனது.

"அட, விடுப்பா," என்று சிரித்தார் மேலாளர். "அன்னைக்கு அந்தப் பட்டன் கண்ணுல பட்டிருந்தா, இன்னைக்கு இதைத் திருத்த ஆளே இருந்திருக்காது!"